பதினேழாம் அறையின் ஒரு மணி நேரம்

ஹால்மார் துறைமுகத்தின் குடியேற்ற அரங்கில் டாக்டர் பியூலாவிடம் இரண்டு அட்டைகளைக் கொடுத்தார்கள். ஒன்றில் அவள் கணவன் ஆசீரின் படம் இருந்தது. மற்றொன்றில் ஆறு வயது மகள் கெசியா, ஆடுகிற முன்பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு படங்களுக்கும் கீழே ஒரே வரிதான் அச்சாகியிருந்தது.

'விழிப்பு நேரம்: வாரத்துக்கு இரண்டு மணி.'

பியூலா அதை மூன்று முறை படித்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த பெண் அலுவலரிடம் அட்டைகளைத் திருப்பி நீட்டினாள்.

"இதில் ஏதோ பிழை இருக்கிறது."

அலுவலரின் சட்டையில் குத்தியிருந்த மொழிப் பொத்தான் அச்சடித்தது போன்ற தமிழில் பதில் சொன்னது. "பிழை இல்லை. விண்ணப்பித்தவர் கேட்ட அளவு அதுதான்."

"நாற்பது மணி வரை கேட்கலாமே! என்னோடு வேலை செய்பவர்களின் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் நாற்பது கொடுத்திருக்கிறீர்களே!"

"அவர்கள் நாற்பது கேட்டார்கள். உங்கள் கணவர் இரண்டு கேட்டார்."

பியூலா திரும்பிப் பார்த்தாள். ஆசீர் பெட்டிகளுக்கு நடுவே பெரிய கம்பளிச் சட்டைக்குள் புதைந்து நின்றிருந்தான். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த கெசியா நாக்கால் பல்லை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, எத்தன மணி நேரம் வேணும்னு கேட்டப்ப நீங்க என்ன சொன்னிய?"

"ஏன், என்ன ஆச்சு?"

"சொல்லுங்க மொதல்ல."

"அது... திரையில ஒரு அதிகாரி வந்தாவ. ரொம்ப மரியாதையாப் பேசுனாவ. 'வாரத்துக்கு எவ்வளவு நேரம் விழிச்சிருக்கணும்'னு கேட்டாவ. 'உங்களுக்கு எது வசதியோ பாத்துக் கொடுங்க, ரெண்டு மணி நேரம் கெடச்சாலே போதும்'னு சொன்னேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுததுதான. 'சேச்சே, அது எப்படி காணும்'னு கேப்பாவன்னு நெனச்சேன். கேக்கல. 'நன்றி'ன்னு சொல்லித் திரையை அணைச்சிட்டாவ."

"அதுக்கப்புறம் நீங்க மாத்திச் சொல்லலியா?"

"எப்படிட்டி சொல்ல? ஒருத்தர் ஊருக்குப் போறோம். போகும்போதே அவ்வளவு வேணும், இவ்வளவு வேணும்னு கேட்டா ஒன் அனுமதிக்கே எதுவும் ஆயிருமோன்னு பயம் வேற."

பாளையங்கோட்டையில் யார் வீட்டுக்குப் போனாலும், "ஒரு இட்லி போதும்" என்று சொல்லிவிட்டு ஐந்து சாப்பிட்டு எழுந்து வருகிறவன் அவன். அங்கே 'போதும்' என்ற பேச்சை எந்த வீட்டிலும் யாரும் காதில் வாங்கியதில்லை.

ஹால்மார் பனிக்கு அடியில் வாழும் நாடு. வெப்பம், காற்று, உணவு எல்லாம் ஒரே மின்நிலையத்திலிருந்து வரவேண்டும். விழித்திருக்கும் மனிதன் நிறையச் செலவழிப்பான், உறங்குகிறவனுக்கு ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம். அதனால் அந்த ஊர்க்காரர்களே குளிர்காலத்தின் நான்கு மாதங்களைத் துயில் அறைகளில் கழித்தார்கள். அந்த உறக்கத்தில் உடல் வளராது, மூப்படையாது, கனவு கூட வராது. அதில் கொடுமை ஏதும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஆய்வாளருக்கு முழு விழிப்பு உண்டு. குடும்பத்தை அழைத்து வரலாம். ஆனால் அவர்கள் 'சார்ந்தோர்'. கேட்ட நேரம் மட்டும் விழித்திருக்கலாம், மிச்ச நேரம் உறங்க வேண்டும்.

"இதை இப்போது மாற்ற முடியாதா?" என்று பியூலா அலுவலரைக் கேட்டாள்.

"மூன்று ஆண்டுகளுக்கு மின்நிலையத்தில் பதிவாகிவிட்டது."

"அப்படியானால் இவர்கள் திரும்பிப் போகட்டும்."

"சார்ந்தோர் தனியாகப் பயணம் செய்ய அனுமதி இல்லை. நீங்களும் போவதென்றால் கப்பல் நாளைக் காலை புறப்படும்."

தாமிரபரணிக் கரையில் புதிய குலைநோய் வந்து இரண்டு ஆண்டுகளாக நெல் கதிர் பிடிக்கவில்லை. அதைத் தாங்கக்கூடிய பழைய நெல் வகைகளின் விதைகள் ஹால்மாரின் பனிக் கிடங்கில்தான் மிஞ்சியிருந்தன. அவற்றை முளைக்க வைத்து ஆராய உலகத்திலேயே எட்டுப் பேருக்குத்தான் அனுமதி. பியூலா அந்த எட்டில் ஒருத்தி.

அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு விஷயம் இப்போதுதான் முழுதாகப் புரிந்திருந்தது.

"இரு பியூலா. போக வேண்டாம். கிளம்பும்போது பக்கத்து வீட்டுல கூப்பன் அரிசி கூட இல்ல. நாம ரெண்டு மணி நேரத்துல சமாளிச்சிக்கிடலாம்."

"பிள்ளையும் சமாளிக்கணுமா?"

பியூலா கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

துயில் இல்லத்தில் நீண்ட வராந்தாவின் இருபுறமும் நாற்பது சிறிய அறைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே இருப்பவர் உறங்கினால் கண்ணாடி வெண்பனி படிந்தது போல் மங்கிவிடும், விழித்தால் தெளியும். கூட்டம் சேராதபடி ஒவ்வொரு குடும்பமும் வெவ்வேறு நேரத்தில் விழிக்க ஏற்பாடு. ஆசீருக்குப் பதினெட்டாம் அறை, கெசியாவுக்குப் பத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை. பாளையங்கோட்டைக் கோயிலில் ஆராதனை நடக்கும் நேரம். பியூலாவுக்கு இனி அதுதான் ஆராதனை.

வராந்தாவுக்குப் பொறுப்பாளர் இங்கெர் என்ற உயரமான பெண். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்த ஊர் வழக்கம் அப்படி.

ஆறு நாள் பியூலா விதைகளோடு இருந்தாள். எழுபது ஆண்டுகள் உறங்கிய நெல்லை ஈரத் துணியில் வைத்து, முளை வருகிறதா என்று உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருப்பாள். மகளிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைப்பாள். ஏழாம் நாள் ஒன்பதரைக்கே வராந்தாவில் போய் நிற்பாள். கண்ணாடி தெளியும். கெசியா எழுந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவாள். ஏனென்றால் அவளைப் பொறுத்தவரை இடையில் எதுவும் நடக்கவில்லை.

"இப்பதானம்மா படுத்தேன், அதுக்குள்ள எழுப்பிட்ட?"

"இன்னொரு வாரம் ஆயிட்டு கண்ணு."

"பொய். இந்த ஊர்ல எப்பப் பாத்தாலும் காலையாத்தான் இருக்கு."

ஆசீர் சிரிப்பான். ஊரில் ஓவிய ஆசிரியராக இருந்தவன் அவன். மகளுக்கு ஒரு யானை வரைய ஆரம்பித்து, அதன் வால் வருவதற்குப் பியூலாவின் கணக்கில் ஐந்து வாரம் ஆயிற்று. கெசியாவின் பல் ஆடிக்கொண்டே இருந்தது, விழவில்லை.

ஹால்மாரில் கெசியாவின் முதல் பிறந்த நாள் வந்தபோது பியூலா ஒரு கேக் கொண்டுபோனாள். "ஏழு வயசு ஆயிட்டு ஒனக்கு" என்றாள்.

கெசியா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "கப்பல்லருந்து எறங்கி நாலு நாள் கூட ஆகலியே. பிறந்த நாள் இவ்வளவு சீக்கிரமா வரும்?"

பியூலா ஆசீரைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். மூன்று ஆண்டுகள் முடியும்போது பிள்ளை வாழ்ந்திருப்பது பதின்மூன்று நாள். அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

பதினான்காம் மாதம் கிடங்கின் பனிப்படியில் வழுக்கி விழுந்து பியூலா மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மாவுக்கட்டுடன் போய் நின்றாள். கண்ணாடி தெளிந்தது. கெசியா எழுந்தாள். கட்டைப் பார்த்ததும் அலறிவிட்டாள்.

"இப்ப நல்லாத்தானம்மா இருந்துச்சு! நான் ஒரு தடவ கண்ண மூடி முழிக்கதுக்குள்ள என்ன ஆச்சு?"

"அது திங்கக்கெழமை விழுந்தேன் கண்ணு. இப்ப வலி கொறஞ்சிட்டு."

பிள்ளை அவளை உற்றுப் பார்த்தாள். தலையில் நரை கூடியிருப்பதை, கன்னம் ஒட்டியிருப்பதை எல்லாம் அன்றுதான் பார்ப்பது போலப் பார்த்தாள். பன்னிரண்டு மணி ஆனபோது படுக்க மறுத்தாள்.

"மாட்டேன். நான் கண்ண மூடுனா ஒனக்கு என்னமாது ஆயிருது. அப்பா, நீங்களும் படுக்காதிய. அம்மாவ யாரு பாத்துக்கிடுவா?"

கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். விழிப்பு நேரம் தாண்டி ஒரு நிமிடம் கூட இங்கெரால் கொடுக்க முடியாது. அவள் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்தவளின் கண்களும் கலங்கியிருந்ததைப் பியூலா கவனிக்கவில்லை. கண்ணாடி மங்கும் வரை உள்ளிருந்து "அம்மா, பாத்து நட" என்ற குரல் கேட்டது.

மறுநாளே பியூலா மேல்முறையீடு எழுதிக் கொடுத்தாள்.

விசாரணை அதிகாரியின் பெயர் ஹால்வர். ஐம்பது வயது இருக்கும். மேசையில் ஒரே ஒரு கோப்பு.

"உங்கள் கணவர் இரண்டு மணி போதும் என்று சொன்னது இங்கே பதிவாகியிருக்கிறது. போதாது என்று நீங்கள் சொல்கிறீர்கள். சூழ்நிலை மாறியிருக்கிறதா? குழந்தைக்கு ஏதாவது நோய்?"

ஒரு பொய்க்கு வழி திறந்து கிடந்தது. பியூலா ஒரு கணம் அதைப் பார்த்தாள்.

"நோய் இல்லை. அன்றே அது போதாதுதான்."

"அப்படியானால் அவர் பொய்த் தகவல் கொடுத்திருக்கிறார். பொய்த் தகவலுக்கு அனுமதி ரத்து. உங்கள் ஆய்வும் சேர்த்து."

"பொய் இல்லை ஐயா. எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போனால், எவ்வளவு வேண்டும் என்று கேட்பார்கள். நாங்கள் கொஞ்சம் போதும் என்போம்."

"உண்மையிலேயே கொஞ்சம் போதுமா?"

"போதாது."

"கேட்டவர் கொஞ்சம்தான் கொடுப்பாரா?"

"இல்லை. நிறைய வைப்பார். வேண்டாம் வேண்டாம் என்று கையால் மறைத்தாலும் வைப்பார்."

ஹால்வர் பேனாவைக் கீழே வைத்தார். "விருந்தினர் சொன்னதை அவர் நம்பவில்லையா?"

"வாய் சொல்வது மரியாதைக்கு. வயிற்றில் பசி இருப்பது கேட்டவருக்குத் தெரியும். அதனால் மறுபடியும் கேட்பார். கேட்காமல் விட்டால் அதுதான் எங்களுக்கு அவமானம்."

அவர் கோப்பின் முதல் பக்கத்தைப் புரட்டினார்.

"டாக்டர், அன்று திரையில் பேசிய அதிகாரி நான்தான்" என்றார். "இரண்டு மணி என்று அவர் சொன்னதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் ஒருவர் சொன்னதை மறுபடி கேட்பது எங்கள் நாட்டில், நீ பொய் சொல்கிறாய் என்பதற்குச் சமம். அவரை அவமதிக்கக் கூடாது என்று பேசாமல் எழுதினேன்."

பியூலா அதிர்ந்து போனாள். இத்தனை நாளும் இதற்குப் பின்னால் ஒரு கல்நெஞ்சம் இருப்பதாக நினைத்து, அதை மன்னிக்க வேண்டுமே என்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். அப்படி யாரும் இல்லை. இரண்டு மரியாதையான மனிதர்கள் மரியாதையாகப் பேசி ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டுகளைப் பதின்மூன்று நாளாக ஆக்கியிருக்கிறார்கள்.

ஹால்வர் கோப்பில் ஏதோ எழுதினார். "பொய் என்று எழுதவில்லை. உங்கள் ஊர் வழக்கம் என்று எழுதியிருக்கிறேன். அனுமதி ரத்தாகாது. ஆனால் மின்நிலையத்திடம் கூடுதல் நேரம் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. என்னை மன்னியுங்கள்."

அவள் எழுந்தபோது அவரும் எழுந்து நின்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ஆசீர் வழக்கம்போல் படுத்தான், அவனுடைய கண்ணாடி மங்கியது. கெசியா கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணாடி மங்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம்.

பிள்ளை ஒரு கண்ணைத் திறந்தாள். "அம்மா, தூக்கம் வரலியே."

ஏதோ கோளாறு, பிள்ளைக்கு என்ன ஆகிவிட்டதோ என்று பதறி இங்கெரைக் கூப்பிட்டாள். இங்கெர் கதவின் மேலிருந்த பலகையைக் காட்டினாள். 'விழிப்பு நேரம்: மூன்று மணி' என்று இருந்தது.

"ஒரு மணி வரை இருக்கலாம்" என்றாள் இங்கெர்.

பியூலா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பறிபோய்விடுமோ என்று பயம். மகளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் கோடிக்கு ஓடினாள். அங்கே மேல் நோக்கிய ஒரு ஜன்னல் உண்டு. சூரியன் காலையில் பார்த்த இடத்திலிருந்து நகர்ந்திருந்தது.

"இந்த ஊர்ல மத்தியானம் கூட உண்டாம்மா?" என்று கெசியா கேட்டாள்.

ஒரு மணிக்குப் பிள்ளை அழாமல் படுத்தாள். அதன் பிறகு பியூலா நன்றி சொல்ல இங்கெரைத் தேடிப் போனாள். ஹால்வர்தான் எப்படியோ செய்திருக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"அவர் செய்ததா?"

"இல்லை. பதினேழாம் அறை."

"அங்கே யார்?"

"தெஸ்ஃபாயே என்று ஒருவர். எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர். ஒரு சார்ந்தவர் தன் நேரத்தை இன்னொரு சார்ந்தவருக்கு எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கேட்டார்."

"எங்களை அவருக்குத் தெரியாதே!"

இங்கெர் முதல் முறையாகக் கேட்காததையும் சொன்னாள். "அவர் புதன்கிழமை விழிப்பார். ஒரு மணி நேரம். பார்க்க யாரும் வருவதில்லை, அதனால் நான் உட்கார்ந்திருப்பேன். என்ன புதுசு என்று கேட்பார். உங்கள் மகள் படுக்க மறுத்து அழுததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. என்னால் சுமக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் விழித்ததும் தாளைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்."

"ஒரு மணி நேரத்தையும் கொடுத்துவிட்டாரா? அப்படியானால் அவருக்கு?"

"ஒன்றும் இல்லை. இனி அவர் விழிக்க மாட்டார்."

பியூலா திரும்பிப் பதினேழாம் அறைக் கதவைப் பார்த்தாள்.

"அவர் மனைவி மண் ஆய்வாளர். பனிப்பிளவில் விழுந்து இறந்துபோனார். ஆய்வாளர் இறந்துவிட்டால் சார்ந்தவருக்குக் குறைந்த அளவுதான், வாரத்துக்கு ஒரு மணி. சார்ந்தவர் தனியாக நாடு திரும்பவும் முடியாது. அவரை என்ன செய்வது என்று வழக்கு நடக்கிறது. நான்கு ஆண்டாக."

"நான்கு ஆண்டா!"

"நமக்கு நான்கு ஆண்டு." இங்கெர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கணக்குப் போட்டுப் பாருங்கள்."

வாரத்துக்கு ஒரு மணி. நான்கு ஆண்டுக்கு இருநூற்றெட்டு மணி. பியூலாவின் உதடுகள் அசைந்தன. பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மனிதனின் மனைவி இறந்து இன்னும் ஒன்பது நாள் கூட ஆகவில்லை.

"கையெழுத்துப் போடும்போது ஒன்று சொன்னார்" என்றாள் இங்கெர். "'நான் விழித்ததும் அவள் இல்லை என்பதுதான் முதலில் தெரிகிறது. அந்தப் பிள்ளை விழித்தால் அவளுக்கு அம்மா இருக்கிறாள். என் நேரம் அங்கே போகட்டும்' என்றார்."

அந்த வாரம் முழுவதும் பியூலாவால் விதைகளைப் பார்க்க முடியவில்லை. தன் வேண்டுதலுக்குக் கிடைத்த பதில் என்று எதை நினைத்துக் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னாளோ, அது ஒரு துக்க வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது. திருப்பிக் கொடுத்தால் பிள்ளைக்கு மத்தியானம் இல்லை. வைத்துக்கொண்டால் ஒரு மனிதன் எழுந்திருக்கவே மாட்டான். அவரையே கேட்கலாம் என்றால், கேட்பதற்கு எழுப்பக் கூட அவரிடம் நேரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆசீர் எழுந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். கெசியா தானே ஒரு யானைக்குக் காது வரைந்துகொண்டிருந்தாள்.

"ஒம்பது நாளா?" என்றான் ஆசீர்.

"அதுவும் ஆகல."

"யாரும் போயி துஷ்டி கேக்கலியா?"

"யாரு கேப்பா? மத்தவங்களுக்கெல்லாம் நாலு வருசம் ஆயிட்டே. பழைய சாவு."

ஆசீர் எழுந்து பதினேழாம் அறையின் முன்னால் போய் நின்றான். மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீண்ட உருவத்தின் நிழல் மட்டும் தெரிந்தது. இத்தனை நாளும் ஒரு சுவருக்கு அப்பால்தான் படுத்திருக்கிறார். அவன் திரும்பி வந்தான்.

"எனக்குள்ளதுல ஒரு மணி நேரத்த அவருக்கு எழுதிக் கொடுக்கேன். ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கே அவரையும் எழுப்பச் சொல்லு."

"என்னங்க பேசுதிய? உங்களுக்கு மிஞ்சுறது ஒரு மணி நேரம். மறுபடியும் ஆரம்பிச்சிட்டியளா?"

"அன்னைக்கு என்ன கேக்காவன்னு வெளங்காமச் சொன்னேன் பியூலா. இன்னைக்கு வெளங்கிச் சொல்லுதேன். பிள்ளைக்கு அவர் கொடுத்தது பிள்ளைக்கே இருக்கட்டும். குடுத்தத திருப்பி அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா அவருக்குக் கஷ்டமாருக்கும்."

"நானும் பிள்ளையும் ஒங்கள வாரத்துக்கு ஒரு மணி நேரந்தான் பாக்கணுமா?"

"அந்த மனுசன் யாரப் பாக்காரு?"

பியூலா அழுதாள். கோபமும் இருந்தது. இந்த மனிதனுக்குத் தனக்கென்று ஒன்றைக் கேட்கவே தெரியாது என்ற கோபம். ஆனாலும் தாளை அவள்தான் கொண்டுவந்தாள். இங்கெர் தெஸ்ஃபாயேயின் விழிப்பு நாளைப் புதனிலிருந்து ஞாயிற்றுக்கு மாற்றி எழுதினாள். அதற்கு மேலிடத்தைக் கேட்க வேண்டும். அவள் கேட்கவில்லை.

ஊரில் துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பியூலாவிடம் சோதனைக்குப் போக எஞ்சிய, விதைக்கு ஆகாத ஒரு பிடி நெல் இருந்தது. குப்பைக்குப் போக வேண்டியது என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எழுபது ஆண்டுகளுக்குப் பின் முளைத்துக் கதிர் பிடித்த நெல். உமி நீக்கி, குருணையாக உடைத்து, தன் அறை அடுப்பில் கஞ்சி வைத்தாள். ஒரு டம்ளருக்குத்தான் வந்தது.

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பதினேழாம் அறைக்கு முன்னால் இங்கெர் நான்கு நாற்காலிகளைப் போட்டிருந்தாள். நான்காவது தனக்கு. பத்தானதும் ஆசீரும் கெசியாவும் எழுந்து வந்தார்கள். கண்ணாடி தெளியத் தொடங்கியது.

உள்ளே ஒரு மனிதர் எழுந்து உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். தாடி மழிக்காத முகம். கண் திறந்ததும் அவர் வலப்பக்கம் பார்த்தார், அங்கே யாரும் இல்லை. பிறகுதான் வாசலில் இருந்தவர்களைப் பார்த்தார். முகத்தில் பயம் வந்தது.

"நான் கையெழுத்துப் போட்டேனே" என்று அவர் சொன்னதை இங்கெரின் மொழிப் பொத்தான் தமிழில் சொன்னது. "ஏன் எழுப்பினீர்கள்? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா?"

"பிள்ள நல்லாருக்கா" என்றாள் பியூலா. "இவதான்."

கெசியா அவரை அண்ணாந்து பார்த்தாள்.

ஆசீர் உள்ளே போனான். ஊரில் சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகிற ஆண்கள் செய்கிறபடி இரண்டு கைகளையும் நீட்டினான். அந்த வழக்கம் அவருக்குத் தெரியாது. நீட்டிய கைகளில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். எதுவும் இல்லை. மெல்லத் தன் கைகளை அவற்றின் மேல் வைத்தார். ஆசீர் பற்றிக்கொண்டான். பற்றிய கையை விடாமல் கட்டிலில் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

பத்து நிமிடம் அப்படியே போயிற்று. அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"உங்களுக்கு அவளைத் தெரியுமா?" என்று கடைசியில் கேட்டார்.

"தெரியாது" என்றான் ஆசீர். "நீங்க சொல்லுங்க. கேக்கத்தான் வந்தோம்."

அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நாற்பத்தாறு நிமிடம் இருந்தது. பியூலா கஞ்சி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். கெசியா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அவள் பெயர் அல்மாஸ்" என்று அவர் ஆரம்பித்தார்.